மூளைக் கட்டிக்குக் கதிர் சிகிச்சை: புது எந்திரம் எங்கே உதவுகிறது?

போனை இடது காதில் வைத்தால் பேசுவது யாரென்று தெரிகிறது, என்ன பேசுகிறார் என்பதுதான் பிடிபடவில்லை. வலது காதுக்கு மாற்றினால் தெளிவாகக் கேட்கிறது. கூடவே ஓயாத இரைச்சல். வெஸ்டிபுலர் ஷ்வானோமா பலருக்கும் இப்படித்தான் தொடங்குகிறது. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் உறையில் வளரும் கட்டி இது. புற்றுநோய் அல்ல, வேறு உறுப்புக்குப் பரவாது. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளரும். சில கட்டிகள் வளர்வதே இல்லை. ஆனால் இருக்கும் இடம் பொல்லாதது. முகத்தை அசைக்கும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது. சற்று உள்ளே போனால் மூளைத்தண்டு.

'மூளையில் கட்டி' என்றதும் வீடே இடிந்துபோகிறது. அடுத்த நாளே யாராவது ஒருவர் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இந்த மெஷின்தான் லேட்டஸ்ட், அங்கேயே போயிடலாம்" என்பார். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் எந்திரத்தின் பெயரைவிட முக்கியமான கேள்விகள் சில இருக்கின்றன.

கதிரால் கட்டியைத் தாக்கும் இந்த முறைக்கு ரேடியோசர்ஜரி என்று பெயர். சுவீடனைச் சேர்ந்த மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951இல் இந்த யோசனையை முன்வைத்தார். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற ஏற்பாடு இது. வடம் பிடிக்கும் ஒவ்வொருவரின் பலமும் கொஞ்சம்தான். எல்லாரும் சேரும்போது தேர் நகர்கிறது. 1960களின் இறுதியில் ஸ்டாக்ஹோமில் அவர் அமைத்த முதல் கதிர் எந்திரமான காமா நைஃபில், பல திசைகளிலிருந்து ஒரே புள்ளியை நோக்கிக் கதிர் வீசும் 179 கோபால்ட்-60 துண்டுகள் இருந்தன. பிற்கால எந்திரங்களில் 192. தனித்தனியாக ஒவ்வொரு கதிரும் மெலிந்தது, வழியிலிருக்கும் மூளைக்குப் பெரிதாகக் கெடுதல் செய்யாது. எல்லாம் சந்திக்கும் இடத்தில்தான் வீரியம். அங்கிருந்து சில மில்லிமீட்டர் தள்ளினாலே அளவு சடசடவென்று இறங்கிவிடும்.

கட்டி அங்கேயே எரிந்துபோவதில்லை. செல்களின் டி.என்.ஏ. சிதைந்து, அவை பெருகும் திறனை இழக்கின்றன. கட்டிக்கு ரத்தம் தரும் நுண்குழாய்களும் மெல்ல அடைபடுகின்றன. ஆகவே கட்டி மறைந்துபோகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வளராமல் நின்றால் சிகிச்சை பலித்துவிட்டது என்று பொருள்.

பழைய காமா நைஃபில் நோயாளியின் மண்டையோட்டில் நான்கு திருகுகளால் ஒரு சட்டத்தைப் பொருத்துவார்கள். தலை அசையாமலிருக்க அது வேண்டும். லெக்செல்லிடம் பயின்ற அமெரிக்க மருத்துவர் ஜான் ஆட்லர், ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய சைபர்நைஃப் 1994இல் முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. ரோபோ கை சிறிய எக்ஸ்ரே எந்திரத்தைச் சுமந்து தலையைச் சுற்றிவரும். நடுநடுவே படமெடுத்து, தலை நகர்ந்திருந்தால் குறியைத் திருத்திக்கொள்ளும். சட்டம் வேண்டாம், முகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மாஸ்க் போதும். 2015இல் வந்த காமா நைஃப் ஐக்கானும் மாஸ்க் வழியை ஏற்றது. ஆட்லரின் அடுத்த எந்திரமான ஜாப்-எக்ஸ், கதிர் வெளியே கசியாமல் தடுக்கும் கவசத்தைத் தானே சுமக்கிறது, அதில் கோபால்ட்டும் கிடையாது. மருத்துவமனைக்கு இது பெரிய நிம்மதி. கோபால்ட்-60 சுமார் ஐந்தேகால் ஆண்டுகளில் பாதியாகத் தேய்ந்துவிடும். அதே அளவு கதிரைத் தர இருமடங்கு நேரமாகும், கடைசியில் துண்டுகளையே மாற்றவேண்டும்.

நோயாளிக்கு இதில் என்ன லாபம்? திருகு வலி இல்லை. அதைவிடப் பெரிது, சிகிச்சையை மூன்று அல்லது ஐந்து நாட்களுக்குப் பிரித்துத் தரமுடிவது. திருகிய சட்டத்தோடு யாரையும் ஐந்து நாள் வைத்திருக்க முடியாதல்லவா? பார்வை நரம்பு ஒரே தடவையில் 8 முதல் 10 கிரே (உடல் ஏற்கும் கதிரின் அலகு) வரைதான் தாங்கும். அதையொட்டி வளர்ந்த மெனிஞ்சியோமாவுக்கு (மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வளரும் கட்டி) 5 நாட்களில் மொத்தம் 25 கிரே என்று பிரித்துக் கொடுக்கலாம். இப்படிப்பட்ட கட்டிக்குப் புது எந்திரத்தைத் தேடிப்போவதில் நியாயம் இருக்கிறது.

காது நரம்பில் இருக்கும் சிறிய கட்டிக்கு அந்த அளவு வித்தியாசம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஷ்வானோமாவுக்கு முதன்முதலில் காமா நைஃப் பயன்பட்டது 1969இல். ஆரம்பகாலத்தில் 20 கிரே அளவுக்குக் கொடுத்தார்கள். பலருக்கு முகம் ஒருபக்கம் கோணிப்போனது. எம்.ஆர்.ஐ. வந்து கட்டியின் எல்லை துல்லியமாகத் தெரிந்த பிறகு, 12, 13 கிரேயே போதும் என்று படிப்படியாகக் கண்டுகொண்டார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கட்டிகள் அந்த அளவிலேயே அடங்குகின்றன, முகநரம்பு பாதிப்பும் அரிதாகிவிட்டது. இந்தச் சிகிச்சையின் ஆகப்பெரிய முன்னேற்றம் அதுதான் என்பேன்.

விளம்பரங்களில் வரும் 'அரை மில்லிமீட்டர் துல்லியம்' உண்மைதான். ஆனால் எம்.ஆர்.ஐ. படத்திலேயே சிறிய கோணல்கள் வரும். ஒரே கட்டிக்கு இரண்டு மருத்துவர்கள் கோடு வரைந்தாலும் இரண்டும் அச்சாகப் பொருந்தாது. எந்திரங்களுக்கு இடையிலுள்ள நூலிழை வித்தியாசம் அதற்குள் கரைந்துவிடுகிறது. அதனால் "இந்த வகைக் கட்டி எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறீர்கள், டாக்டர்? எத்தனை வருஷம் தொடர்ந்து கவனித்தீர்கள்?" என்று கேளுங்கள். மெதுவாக வளரும் கட்டியில் பலனும் பக்கவிளைவும் பத்து, பதினைந்து ஆண்டுகளில்தான் முழுதாகத் தெரியும். நேற்று வந்த எந்திரத்துக்கு அந்தச் சரித்திரம் இன்னும் சேரவில்லை.

அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று: இப்போதே சிகிச்சை வேண்டுமா? நார்வேயில் 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியுள்ள 100 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2023இல் வெளியானது. ஒரு குழுவுக்கு உடனே ரேடியோசர்ஜரி, மற்றதற்கு ஸ்கேன் எடுத்துக் காத்திருத்தல். நான்கு ஆண்டுகளில் முதல் குழுவின் கட்டிகள் கன அளவில் சராசரியாக 0.87 மடங்காகச் சுருங்கின, காத்திருந்தவர்களுடையவை 1.51 மடங்காகின. கட்டியைப் பொறுத்தவரை கதிருக்குத் தெளிவான வெற்றி. ஆனால் கேட்கும் திறனில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காத்திருந்த 50 பேரில் 28 பேர் நான்காம் ஆண்டு முடிவிலும் எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே இருந்தார்கள். உடனே ஓடவேண்டிய நோய் அல்ல இது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா? கட்டி 3 சென்டிமீட்டரைத் தாண்டி மூளைத்தண்டை அழுத்தினால் கதை வேறு. அப்போது பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் முதலில்.

சிகிச்சை முடிந்தபின் ஒன்றை வீட்டார் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். ஆறாம் மாத ஸ்கேனில் கட்டி முன்பைவிடப் பெரிதாகத் தெரியலாம். 'கதிர் வேலை செய்யவில்லை' என்று பதறுவார்கள். பலருக்கு அது கட்டி உள்ளே செயலிழக்கும்போது வரும் தற்காலிக வீக்கம். நடுப்பகுதி கருத்துத் தெரிவதும் அதனால்தான். ஓரிரு ஆண்டுகளில் தானாக வற்றிவிடுவதே வழக்கம். நடையில் தள்ளாட்டம், முக மரமரப்பு என்று ஏதாவது வந்தால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். இல்லையென்றால் அவசரப்பட்டு அறுவைக்குப் போகாமல், பழைய எம்.ஆர்.ஐ. சி.டி.க்களைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த ஸ்கேனோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.