நீட்டுக்கு ஒன்பதாவதுலயே ஆரம்பிச்சா மூளைக்குள்ள என்ன நடக்குது?

பொண்ணு ஒன்பதாவது போறா, இப்பவே நீட் கோச்சிங்ல சேர்த்துடலாமான்னு கேக்கற பெத்தவங்க இப்போ நிறைய. சீக்கிரம் ஆரம்பிச்சா லாபம் இருக்கறது உண்மைதான், ஆனா ப்ளஸ் ஒன் பாடத்தை ஒன்பதாவதுலயே ஓட்டி முடிக்கறதால வர்ற லாபம் இல்ல அது, படிச்சதை மறந்து திரும்ப ஞாபகத்துக்கு இழுக்கறதுக்கு நடுவுல நாள் நிறைய கிடைக்குதே, அதால வர்றது.

நீட்ல 180 கேள்வி, 720 மார்க், அதுல பாதி பயாலஜி, மொத்தம் 3 மணி நேரம். எவ்வளவு படிச்சோம்ங்கறதை விட அந்த 3 மணி நேரத்துல எவ்வளவு வெளிய வருதுங்கறதுதான் மார்க்.

எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியாளர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு வேகமா மறக்குதுன்னு அளந்து 1885ல புத்தகமா போட்டார். ஒரு நாள் கழிச்சு அதையே திரும்ப மனப்பாடம் பண்ணப்போ அவருக்கு மிச்சமானது கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு உழைப்புதான். அதனால பையன் மறந்துட்டான்னா அவன் மக்குன்னு அர்த்தம் இல்ல, எல்லார் மூளையும் அப்படித்தான்.

இதுக்கு மருந்து திரும்பத் திரும்ப வாசிக்கறதுன்னுதான் நாம நினைக்கறோம். 2006ல அமெரிக்காவுல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு பேர் இதை சோதிச்சாங்க, காலேஜ் பசங்கள்ல ஒரு குரூப் ஒரு பாராவை நாலு ரவுண்டு படிச்சது, இன்னொரு குரூப் ஒரு ரவுண்டு மட்டும் படிச்சிட்டு மூணு தடவை பாக்காம எழுதிப் பாத்தது. 5 நிமிஷம் கழிச்சு கேட்டா படிச்ச குரூப்புக்கு 83 சதவீதம், எழுதின குரூப்புக்கு 71. ஒரு வாரம் கழிச்சு கேட்டா அப்படியே தலைகீழ், படிச்சவங்க 40, எழுதினவங்க 61. வாசிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும், அந்த நினைப்புதான் பசங்களை ஏமாத்துது.

பத்தாவது அறிவியல்ல வர்ற மோல் கணக்கையே எடுங்க. 9 கிராம் தண்ணில எத்தனை ஹைட்ரஜன் அணு? தீர்வைப் பாத்துட்டே போனா ரெண்டு வரி, ஈஸி. புக்கை மூடிட்டு போடச் சொன்னா 9ஐ தண்ணியோட மோலார் நிறை 18ஆல வகுத்து அரை மோல்னு வரைக்கும் வந்துட்டு நிறைய பேர் அவகாட்ரோ எண்ணுல (ஒரு மோல்ல இருக்கற துகள்களோட எண்ணிக்கை, 6.022 × 10²³) பாதியை எழுதிட்டு நிறுத்திடுவாங்க, ஒரு மூலக்கூறுல ஹைட்ரஜன் ரெண்டு இருக்குங்கறது விட்டுப்போயிடும். சரியான விடை 6.022 × 10²³. எந்த இடத்துல வழுக்குதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியறது புக்கை மூடினப்போ மட்டும்தான், அங்க திணறிட்டு விடையைப் பாத்தா அது ஆழமா பதியும்.

சரி, எவ்வளவு நாள் இடைவெளி விடணும்? இதை ஆயிரத்துக்கும் மேல ஆட்களை வச்சு செபெடாங்கற ஆராய்ச்சியாளரோட குழு ஆராய்ஞ்சு 2008ல வெளியிட்டாங்க. ஒரு வாரத்துல டெஸ்ட்னா ஒரு நாள் இடைவெளி போதும், கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு டெஸ்ட்னா சுமார் மூணு வாரம் விட்டு திரும்பப் பாத்தவங்கதான் நல்லா செஞ்சாங்க. ப்ளஸ் டூ கடைசி ரெண்டு மாசத்துல உக்காந்தா இந்த மூணு வார இடைவெளியை எங்க போய் தேடறது? ஒன்பதாவது, பத்தாவது பசங்க கையில இருக்கற பெரிய சொத்தே இதுதான், அதுக்கு ஃபீஸும் கிடையாது, கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைக்கும் அதே கணக்குதான்.

இன்னொண்ணு, ஒரே மாதிரி கணக்கை வரிசையா போடாம கலந்து போடறது. ரோரர், டெய்லர் 2007ல பண்ண சோதனைல கலந்து போட்ட மாணவர்களுக்கு பயிற்சி நேரத்துல 60 சதவீதம்தான் சரி, வரிசையா போட்டவங்களுக்கு 89. ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட்ல கலந்து போட்டவங்க 63, மத்தவங்க 20. பரீட்சைல எந்த ஃபார்முலான்னு யாரும் சொல்லித் தரமாட்டாங்க, அதைக் கண்டுபிடிக்கற பழக்கம் கலந்து போட்டாதான் வரும். வீட்ல பாக்கறவங்களுக்கு அந்த 60தான் கண்ணுல படும், அங்க தயவுசெஞ்சு திட்டாதீங்க.

நெகட்டிவ் மார்க் பயமும் இப்படி பாக்காம போட்டுப் பழகினா குறையும். சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. நாலு ஆப்ஷன்ல ரெண்டை நிச்சயமா தள்ளிட்டு மிச்சத்துல ஒண்ணை அடிச்சா சராசரியா கேள்விக்கு 1.5 மார்க் லாபம். ஆனா அந்த "நிச்சயம்" நிஜமா இல்லையான்னு தெரிய, தன்னைத்தானே சோதிச்சு பழகியிருக்கணும்.

காலைல 5 மணி டியூஷன், ராத்திரி 10 மணி வரை ஹோம்வொர்க்னு ஓட்டறவங்களுக்கு ஒரு விஷயம். பகல்ல படிச்சதை மூளைல ஹிப்போகேம்பஸ்ங்கற பகுதி தூக்கத்துல திரும்ப ஓட்டிப் பாத்து நிலையான ஞாபகமா மாத்த உதவுது, இந்த வயசுக்கு 8லேர்ந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும். ஒரு டியூஷனைக் குறைக்கணும்னா அந்த விடிகாலை டியூஷனைத்தான் நான் முதல்ல நிறுத்தச் சொல்வேன்.