பிரிண்டர் கியூவில் உங்கள் ஃபைல் பெயரை யார் யார் படிக்கிறார்கள்?

அலுவலகத்தில் எல்லாருக்கும் பொதுவான பிரிண்டர் இருந்தால், அதன் கியூவை (அச்சுக்குக் காத்திருக்கும் வரிசையை) ஒருமுறை திறந்து பாருங்கள். ஆவணத்தின் பெயர், அனுப்பியவர், பக்கங்கள், நேரம் என்று வரிசையாக நிற்கும். விண்டோஸ் பிரிண்ட் சர்வர்களில் (பிரிண்டரைப் பலருக்குப் பகிர்ந்து தரும் கணினிகளில்), தனியாக எதையும் மாற்றாத வரை, பிரிண்ட் எடுக்க உரிமை உள்ள எவரும் மற்றவர்களின் ஜாப் (அச்சுக்கு அனுப்பிய வேலை) பெயர்களையும் படிக்கலாம். அடுத்தவர் ஜாபை ரத்து செய்ய முடியாதே தவிர, பெயரைப் பார்க்கத் தடை இல்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும், அதைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கமும் சிறிய அலுவலகங்களுக்கு, மருத்துவர்களுக்கு, வக்கீல்களுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். பெயர் விஷயமாக என்னைக் கூப்பிடுபவர்கள் எல்லாரும் "பெயர் சரியாக வரவில்லை" என்றுதான் சொல்வார்கள். பெயர் தேவைக்கு மேல் தெரிகிறது என்று யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த இரண்டாவது விஷயம்தான். பெயரைச் சரிசெய்யப் போகும்போதே, அது யார் கண்ணில் படும் என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஜாபுக்குப் பெயர் வைப்பது பிரிண்டரும் இல்லை, சர்வரும் இல்லை. எந்த மென்பொருளிலிருந்து பிரிண்ட் கொடுக்கிறீர்களோ அதுதான் வைக்கிறது. வேர்ட் தன் பெயரோடு ஃபைல் பெயரைச் சேர்த்து அனுப்பும். பிரவுசர் அந்தப் பக்கத்தின் தலைப்பை அனுப்பும். அவுட்லுக்கில் மின்னஞ்சலை அச்சடித்தால் பெரும்பாலும் 'மெமோ ஸ்டைல்' என்றே வந்து நிற்கும். பத்து பேர் பத்து மின்னஞ்சல் எடுத்தாலும் கியூவில் ஒரே பெயர்தான். அதனால் பெயர் தப்பாக வந்தால் பிரிண்டரைத் தட்டிப் பயனில்லை. எந்த மென்பொருள், எந்த வழியாக சர்வருக்கு வந்தது என்று கேட்பதுதான் முதல் வேலை.

'ரிமோட் டவுன்லெவல் டாக்குமெண்ட்' என்று வந்தால், அந்த ஜாப் விண்டோஸின் வழக்கமான பிரிண்ட் பாதையில் வரவில்லை என்று அர்த்தம். பகிர்ந்து வைத்த பிரிண்டருக்குள் யாரோ வெறும் ஃபைலாகக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். பழைய கணக்கு மென்பொருள்கள், எல்பிடி போர்ட்டை (பிரிண்டரைக் கேபிளால் இணைக்கும் பழைய வழி) நெட்வொர்க் பிரிண்டரோடு இணைத்து ஓட்டும் டாஸ் காலத்து புரோகிராம்கள் எல்லாம் இப்படித்தான் செய்யும். அதே கணினியிலிருந்து நேராகப் போர்ட்டுக்குப் போனால் 'லோக்கல் டவுன்லெவல் டாக்குமெண்ட்' என்று வரும். இரண்டிலும் பெயர் வழியில் தொலையவில்லை, அனுப்பப்படவே இல்லை. டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) மாற்றி மாற்றிப் போட்டாலும் வராது. அந்தக் கணினியில் பிரிண்டரை முறையாகச் சேர்த்து, மென்பொருளை அதன் வழியாக அச்சடிக்க வைக்க முடிந்தால் சரியாகும். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், இன்வாய்ஸ் மட்டும் அடிக்கும் ஒரு புரோகிராமுக்குப் பெயர் இல்லாமல் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. லினக்ஸில் கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் வழியாக 'ஸ்டிடின்' என்று வருவதும் இதே கதைதான். ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் ஃபைல் பெயர் சொல்லாமல் தரவை மட்டும் தள்ளிவிடுகிறது. அந்தக் கட்டளையிலேயே தலைப்பு கொடுக்க வசதி இருக்கிறது, கொடுத்தால் போதும்.

இன்னொன்று, கியூவில் பெயர் சரியாக இருக்கும், ஆனால் சர்வரின் ஈவென்ட் லாகில் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவேட்டில்), அச்சான ஜாப்களுக்கு விழும் 307 என்ற பதிவுகளில் எல்லாம் 'பிரிண்ட் டாக்குமெண்ட்' என்றே இருக்கும். இது கோளாறு இல்லை. விண்டோஸ் வேண்டுமென்றேதான் பெயரை மறைக்கிறது. லாகில் ஜாப் பெயர் வர வேண்டுமானால் குரூப் பாலிசியில் (விண்டோஸ் அமைப்புகளை நிர்வாகி ஒரே இடத்திலிருந்து வகுக்கும் வசதியில்) பிரிண்டர்கள் பகுதியில் அதற்கென்று ஓர் அமைப்பு உண்டு. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 முதல் இருக்கிறது. அதை இயக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்களிடம் எதற்காக என்று கட்டாயம் கேட்பேன். யார் எத்தனை பக்கம் எடுத்தார் என்ற கணக்கு வேண்டுமானால் அதற்குப் பெயரே தேவையில்லை. அனுப்பியவரும் பக்க எண்ணிக்கையும் அந்தப் பதிவில் ஏற்கெனவே இருக்கின்றன.

தமிழ்ப் பெயர்களின் கதை தனி. கோயில் திருவிழா அறிவிப்பு, தமிழ் வகுப்பு வினாத்தாள் என்று தமிழிலேயே ஃபைலுக்குப் பெயர் வைப்பவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் கியூவில் அது வரிசையாகக் கேள்விக்குறிகளாக நிற்கும், அல்லது பாதியில் அறுந்துபோய் நிற்கும். கேள்விக்குறிக்குக் காரணம், யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) தெரியாத பழைய மென்பொருளோ டிரைவரோ நடுவில் இருப்பது. விண்டோஸில் தமிழுக்கு யூனிகோட் மட்டும்தான். பழைய ஆன்சி முறையில் தமிழுக்கு இடமே கொடுக்கப்படவில்லை. ஆகவே பழைய வழியில் போகும் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும்.

பாதியில் அறுவது வேறு காரணம். நெட்வொர்க் வழியாகப் பிரிண்டருக்கு ஜாப் அனுப்பும் எல்பிஆர் என்ற பழைய முறையின் 1990ஆம் ஆண்டு விவரக்குறிப்பில் ஜாப் பெயருக்கு 99 பைட்தான் இடம். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8ல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். மெய்யின் புள்ளி, உயிர்மெய்யின் கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், 'தமிழ்' என்று எழுதினாலே 15 பைட் ஆகிவிடும். 99 பைட்டுக்குள் முப்பத்து மூன்று குறியீடுகள், அதாவது சுமார் இருபது எழுத்து. அதற்குப் பின் வந்த ஐபிபி முறையில் 255 பைட் வரை போகலாம், கொஞ்சம் மூச்சு விடலாம். பிரிண்டரை எல்பிஆரிலிருந்து ஐபிபிக்கு மாற்றிக் கொடுங்கள். மாற்ற முடியாத இடத்தில் பெயரைச் சுருக்கி, முக்கியமான சொல்லை முதலில் வையுங்கள். இதற்காக யாரும் தமிழில் பெயர் வைப்பதை விட வேண்டாம்.

சரி, இப்போது அந்த இரண்டாவது விஷயம். தென்னாப்பிரிக்க அடையாள எண்ணில் 13 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி: ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கில் பாலினம் தெரியும்: 5000க்குக் கீழே பெண், 5000ம் அதற்கு மேலும் ஆண். பதினோராவது இலக்கத்தில் குடியுரிமை நிலை. நாயுடு, பிள்ளை என்று ஒரே குடும்பப் பெயருள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஊரில், குழப்பம் வராமல் இருக்க நோயாளியின் ஃபைலுக்கு அடையாள எண்ணையே பெயராக வைப்பது பல மருத்துவ அலுவலகங்களில் பழக்கம். கூடவே 'ரத்தப் பரிசோதனை', 'எச்ஐவி முடிவு', 'மனநல மருத்துவருக்குக் கடிதம்' என்றும் ஒட்டிவிடுவார்கள். அந்த ஃபைலை அச்சடித்த நொடியில் வரவேற்பு மேசை, கணக்குப் பிரிவு, பக்கத்து அறை என்று அந்தப் பிரிண்டரோடு இணைந்த எல்லாருடைய திரையிலும் அது வரலாம். ஃபைல் எதுவும் சேமிக்காமல் பிரவுசரிலிருந்தே எடுத்தாலும், அந்தப் பக்கத்தின் தலைப்பில் நோயாளி பெயர் இருந்தால் அதுவும் கியூவுக்கு வந்துவிடும். ஆவணத்தின் உள்ளே இருப்பதைப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிவிட்டு, பெயரை மட்டும் வாசலில் எழுதி ஒட்டியது போல ஆகிறது.

போபியா என்று நாம் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இன் 4ஆம் சட்டம். 2021 ஜூலை 1 முதல் எல்லா அலுவலகங்களும் அதைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும். அதன் 19ஆம் பிரிவு, கையில் இருக்கும் தகவலைக் காக்கத் தகுந்த தொழில்நுட்ப ஏற்பாடும் அலுவலக ஏற்பாடும் வேண்டும் என்கிறது. உடல்நலத் தகவலுக்குச் சட்டம் கூடுதல் பாதுகாப்பு கேட்கிறது. அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம். பெரும்பாலோர் இதைக் கேட்டதும் மின்னஞ்சலையும் பேக்கப்பையும் நினைப்பார்கள். பிரிண்டர் யார் நினைவுக்கும் வராது. அபராதத்தைவிட, தன் நோயை அக்கம்பக்கத்தார் தெரிந்துகொள்வாரோ என்று பயந்து பரிசோதனைக்கே வராமல் இருப்பவர்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். இங்கே நம் ஊர்களில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. வரவேற்பில் இருக்கும் பெண் நோயாளியின் மாமி மகளாகவே இருக்கலாம்.

மின்சாரம் போய் வருவதும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2023ல் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது ஒரு மருத்துவ அலுவலகத்தில், பிற்பகல் மின்சாரம் வந்ததும் காலையில் யாரோ கொடுத்துவிட்டு மறந்த பரிந்துரைக் கடிதங்கள் தாமாகவே அச்சாகி வந்து, ஆளில்லாத தட்டில் கிடந்தன. "அண்ணா, மெஷின் தானா பேப்பர் தள்ளுது" என்று அங்கிருந்து அழைத்தார்கள். மெஷினில் கோளாறு இல்லை. விண்டோஸ் ஒவ்வொரு ஜாபையும் சர்வரின் டிஸ்கில், சிஸ்டம்32க்குள் இருக்கும் ஸ்பூல் ஃபோல்டரில், இரண்டு ஃபைல்களாக எழுதி வைக்கும். எஸ்பிஎல் ஃபைலில் அச்சாக வேண்டிய தரவு. எஸ்எச்டி ஃபைலில் ஜாபின் பெயர், அனுப்பியவர் முதலிய விவரங்கள். மின்சாரம் போனாலும் இவை அழியாது. சர்வர் எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சிக்கிக்கொண்ட ஜாப்களை நீக்க, கியூவை நடத்தும் ஸ்பூலர் சேவையை நிறுத்தி அந்த ஃபோல்டரைக் காலி செய்து மறுபடி தொடங்கலாம். ஆனால் அப்போது எல்லாருடைய ஜாப்களும் போய்விடும், அதனால் அனுப்பியவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிரிண்டரின் அட்வான்ஸ்டு பக்கத்தில் 'அச்சான ஆவணங்களை வைத்திரு' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெயரும் தரவும் அச்சான பிறகும் சர்வரிலேயே தங்கும்.

நான் செய்து கொடுப்பது இதுதான். ஒரே மெஷினுக்கு சர்வரில் இரண்டு கியூ வைப்பேன். ஒன்று எல்லாருக்கும், மற்றது மருத்துவருக்கும் அவரது உதவியாளருக்கும் மட்டும். இரண்டாவதில் 'எவரிவன்' (எல்லாருக்கும்) என்ற உரிமையை எடுத்துவிட்டால் மற்றவர்களால் அதைத் திறந்து பார்க்க முடியாது. அதோடு மெஷினில் ரகசிய 'பின்' (PIN) எண் போட்டால்தான் தாள் வெளியே வரும்படி செய்துவிடுவேன். கப்ஸ் சர்வராக இருந்தால் வேலை இன்னும் சுலபம். வழக்கமான அமைப்பிலேயே மற்றவர்களின் ஜாப் பெயரும் அனுப்பியவர் பெயரும் மறைந்திருக்கும், யாராவது அதைத் தளர்த்தி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்க்க வேண்டும். கப்ஸ் அச்சான ஃபைலையும் வழக்கமாக ஒரு நாள் வைத்திருக்கும். தேவையில்லை என்றால் குறைத்துவிடலாம். ஒவ்வொரு ஜாபுக்கும் முன்னால் பெயர் அச்சிட்ட தாள் வந்தால் அதையும் நிறுத்துங்கள். அப்புறம், ஃபைலுக்கு அடையாள எண் வேண்டாம். அலுவலகத்துக்குள் மட்டும் புரியும் ஒரு கோப்பு எண் போதும். அது யாருடையது என்ற பட்டியல் பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

பெரிய மெஷின்களுக்கு சொந்த நினைவகமும் உண்டு. அதன் திரையில் ஜாப் லாக் பக்கத்தைத் திறந்தால் பழைய பெயர்கள் வரிசையாக இருக்கும். சில மெஷின்களில் அட்மின் அமைப்பில் அதை மறைக்கலாம். இங்கே பல அலுவலகங்களில் மெஷின் லீஸில்தான் வருகிறது. ஒப்பந்தம் முடிந்து எடுத்துப்போக வருபவர்களிடம், உள்ளே இருக்கும் டிஸ்கும் ஜாப் லாகும் அழிக்கப்பட்டதற்கு எழுத்தில் உறுதி கேளுங்கள். அது கைக்கு வரும்வரை மெஷினைக் கொடுக்காதீர்கள்.