சாலட்: உப்பிலிருந்து வந்த சொல்

லத்தீனில் 'சால்' என்றால் உப்பு. அதிலிருந்து பிறந்த 'சலாட்டா', உப்பிட்டது என்று பொருள்படும். பச்சை இலை, காய்களை உப்பும் எண்ணெயும் காடியும் (வினிகர்) சேர்த்து உண்ட ரோமானியர் வழக்கம் அதன் பின்னணி. பழைய பிரெஞ்சில் 'சலாட்' ஆகி, 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. சாஸ், சாசேஜ் ஆகியவையும் அதே உப்பில் கிளைத்தவைதான்.

சிக்கன் சாலட்டில் இலை பேருக்குத்தான் இருக்கும். சில சமயம் அதுவும் இராது. வேகவைத்து ஆறவைத்த கோழியை மயோனைசில் பிசறியது அது. ஆனால் உப்பை எப்போது போடுவது என்பதில்தான் பலருக்கும் கெடுகிறது.

எலும்பில்லாத நெஞ்சுக்கறி அரை கிலோ. மூழ்குமளவு குளிர்ந்த நீரில் இட்டு, லிட்டருக்கு 2 தேக்கரண்டி உப்பு சேர்த்து அடுப்பேற்றுங்கள். வேகும்போதே உப்பு ஏறினால்தான் கறிக்குள் சுவை இருக்கும். பிறகு மேலே தூவினால் மயோனைஸ் மட்டும் கரிக்கும். தளதளவென்று கொதித்தால் நார் இறுகி, கறி சக்கையாகிவிடும். ஓரத்தில் சிறு குமிழ் வரும் சூடு போதும். தடிமனான பகுதியின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கி, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் குளிரவைத்தபின் 1 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். சூடாகக் கலந்தால் மயோனைஸ் திரிந்து எண்ணெய் தனியே நிற்கும்.

வெள்ளரிக்காய் சேர்ப்பதானால் விதையை நீக்கி, நறுக்கி, கால் தேக்கரண்டி உப்பில் 15 நிமிடம் பிசறி வைத்துப் பிழிந்துவிடுங்கள். உப்பு காயின் நீரை வெளியே இழுக்கும். அந்த நீர் இப்போதே போகாவிட்டால் ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் தேங்கி நிற்கும். செலரித் தண்டுக்கு இந்தப் பாடு தேவையில்லை, துடைத்து நறுக்கினால் போதும்.

மயோனைஸ் 100 கிராம், எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, மிளகுத்தூள். முதலில் முக்கால் பங்கு மயோனைசைப் போட்டுக் கிளறுங்கள்; துண்டுகளின் மேல் பூசினாற்போல் ஒட்டினால் மீதி வேண்டாம். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் 3 நாள் தாங்கும். ஃப்ரீசர் கூடவே கூடாது, உருகும்போது மயோனைஸ் பிரிந்துவிடும்.

இனி தமிழ்ச் சொல். 'பச்சடி' என்று சிலர் எழுதுகிறார்கள். பச்சடி தொட்டுக்கொள்ளும் பண்டம். சிக்கன் சாலட்டோ தனியாகவே உண்பது, ரொட்டிக்கு நடுவே வைப்பது. 'கலவை' பொருந்தும், பழக்கலவை என்று ஏற்கெனவே வழங்குகிறது. ஆனால் தனியே 'கலவை' என்றால் கொத்தனாரின் சிமெண்ட்தான் நினைவுக்கு வரும், எனவே அடைமொழியோடு சொல்ல வேண்டும்: காய்கறிக்கலவை, கோழிக்கலவை. ஆறிய பண்டம் என்பதைக் காட்ட வேண்டிய சமையல் குறிப்பில் 'குளிர் கோழிக்கலவை' எனலாம். பேச்சில் சாலட் இருந்துவிட்டுப் போகட்டும்.