முதலில் யார் பார்ப்பது?

மாலை ஆறு மணி தாண்டியிருந்தது. அன்றைக்கு நான் பார்த்த எழுபதாவதோ எண்பதாவதோ மார்பு எக்ஸ்ரே அது. படத்தைத் திறந்ததுமே வலது நுரையீரலின் அடிப்பகுதியில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டம் வந்து நின்றது. எங்கள் கதிரியக்கத் துறைக்கு அப்போதுதான் வந்திருந்த ஏஐ மென்பொருள் போட்ட கட்டம். உள்ளே லேசான வெண்மை. நிமோனியாவாக இருக்கலாம் என்று பக்கத்தில் ஒரு சதவீதக் கணக்கும் இருந்தது. பார்த்தேன், சரிதான். ‘ஏற்கிறேன்’ பொத்தானை அழுத்தி, ரிப்போர்ட் எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

மூன்று வாரம் கழித்து உடன் வேலை பார்க்கும் மருத்துவர் போன் செய்தார். “அந்தப் பழைய படத்தைக் கொஞ்சம் திறந்து பாருங்க டாக்டர். இடது பக்கம், காறை எலும்புக்குப் பின்னாடி.”

திறந்தேன். ஒரு சென்டிமீட்டர் அளவில் வட்டமாக ஒரு நிழல். காறை எலும்புக்குப் பின்னால் பார்க்காமல் எக்ஸ்ரேயை மூடாதே என்பது எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம். நானே எத்தனையோ பி.ஜி. மாணவர்களிடம் அதைச் சொல்லிக் கடிந்திருக்கிறேன். சிடி எடுத்துப் பார்த்ததில் எப்போதோ வந்து ஆறிப்போன நோயின் தழும்பு அது என்று தெரிந்தது. அது அந்த நோயாளியின் அதிர்ஷ்டம். என் திறமை ஒன்றும் இல்லை.

மெஷினைக் குறை சொல்ல வழியில்லை. அது போட்ட கட்டம் சரியான இடத்தில்தான் இருந்தது. கட்டத்துக்குள் பார்த்துவிட்டு நகர்ந்தது நான். ஒரு கோளாறு கண்ணில் பட்டதும் ‘கிடைத்துவிட்டது’ என்று மனம் தேடுவதை நிறுத்திக்கொள்ளும். கணினி வருவதற்கு முன்பே எங்கள் துறை அறிந்து வைத்திருக்கும் பலவீனம் இது. இப்போது அந்த முதல் கோளாறை மெஷினே எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறது.

அனுபவசாலிகளுக்கு இது நேராது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். 2023-ல் வெளியான ஓர் ஆய்வு அந்த நினைப்பைத் தகர்த்தது. 27 கதிரியக்க மருத்துவர்களிடம் மார்பக எக்ஸ்ரேக்களான மேமோகிராம் படங்களைக் கொடுத்து, ஏஐ தந்த மதிப்பீடு என்று ஒன்றையும் சேர்த்துக் காட்டினார்கள். அந்த மதிப்பீடுகளில் சிலவற்றை வேண்டுமென்றே தப்பாக வைத்திருந்தார்கள். மெஷின் சரியாகச் சொன்ன இடங்களில் அனுபவம் குறைந்தவர்களும் சுமார் 80 சதவீதம் சரியாகப் படித்தார்கள். மெஷின் தப்பாகச் சொன்ன இடங்களில் அது ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு விழுந்தது. பழுத்த அனுபவமுள்ளவர்களும் தப்பவில்லை. 82-லிருந்து 45-க்கு இறங்கினார்கள். தனியாக விட்டிருந்தால் இவர்களில் பலர் அந்தப் படங்களைத் தாங்களே சரியாகப் படித்திருப்பார்களோ என்ற எண்ணம் என்னை உறுத்துகிறது. தெரியாமல் விடுவது வேறு, தெரிந்ததை விட்டுக்கொடுப்பது வேறு.

இது மருத்துவத்துக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1983-லேயே லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் ஒரு சிறு கட்டுரையில் இதைப் புட்டுப்புட்டு வைத்தார். சுலபமான வேலையை எல்லாம் மெஷினிடம் கொடுத்துவிட்டு, அது கைவிரிக்கும் கடினமான வேலையை மட்டும் மனிதனுக்கு ஒதுக்குகிறோம். ஆனால் கடினமானதைச் செய்யும் கை, அன்றாடம் சுலபமானதைச் செய்து செய்துதான் பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தையே பறித்துவிட்டு, ஆபத்து வரும்போது மட்டும் ‘நீ பார்த்துக்கொள்’ என்றால் எப்படி?

2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலுக்கு மேலே நடந்தது அதுதான். ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் வேகத்தை அளக்கும் குழாய்கள் பனிக்கட்டியால் அடைபட்டன. தானியங்கி விமானி விலகிக்கொண்டது. விமானம் ஓட்டும் நிலையில்தான் இருந்தது. ஆனால் என்ன நடக்கிறது என்பது விமானிகளுக்குப் பிடிபடுவதற்குள், சில நிமிடங்களில், 228 பேரோடு கடலில் விழுந்தது. அவ்வளவு உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சி அவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை என்பதை விசாரணை அறிக்கையும் சுட்டிக்காட்டியது.

எங்கள் பக்கத்திலிருந்தும் இப்போது கணக்கு வர ஆரம்பித்திருக்கிறது. போலந்தில் பெருங்குடலை உள்நோக்கிப் பார்க்கும் கொலனோஸ்கோபி மையங்கள் நான்கில், சிறு கட்டிகளைச் சுட்டிக்காட்டும் ஏஐ-யைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதன் பிறகு ஏஐ இல்லாமல் செய்த பரிசோதனைகளை மட்டும் தனியே எடுத்து, பழைய கணக்கோடு ஒப்பிட்டார்கள். முன்பு 28 சதவீத நோயாளிகளிடம் கட்டி கண்டுபிடித்த அதே மருத்துவர்கள் இப்போது 22 சதவீதத்தில்தான் கண்டுபிடித்தார்கள். 2025-ல் வந்த ஆய்வு இது. ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்டிவிட முடியாது, வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவ்வளவு படித்த பிறகும் அந்த மென்பொருளை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. காரணம் ஸ்வீடன். அங்கே 80,000 பெண்களின் மேமோகிராம்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. வழக்கமாக ஒவ்வொரு படத்தையும் இரண்டு மருத்துவர்கள் பார்ப்பார்கள். சோதனையில் மெஷின் முதலில் ஒவ்வொரு படத்துக்கும் 1 முதல் 10 வரை ஆபத்து மதிப்பெண் போட்டது. 10 வாங்கிய படங்களை மட்டும் இருவர் பார்த்தார்கள், மற்றவற்றை ஒருவர். படம் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. கண்டுபிடித்த புற்றுநோய் குறையவில்லை. ஆயிரத்துக்கு 5 என்றிருந்தது 6 ஆனது. அதாவது, மனிதக் கண் எங்கே இரண்டு மடங்கு தேவை, எங்கே ஒன்று போதும் என்று பிரித்துக் கொடுத்தார்கள். மெஷினை வாங்கி மாட்டிவிட்டு ‘இனி சேர்ந்து வேலை பாருங்கள்’ என்று விட்டுவிடவில்லை.

சும்மா சேர்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் இருக்கிறது. மனிதனும் ஏஐ-யும் கூட்டாக வேலை செய்த 106 ஆய்வுகளை ஒன்றாக அலசி 2024-ல் ஒரு கட்டுரை வந்தது. சராசரியாகப் பார்த்தால், இருவரில் கெட்டிக்காரர் யாரோ அவரைத் தனியாக விட்டிருந்தால் கிடைத்திருக்கும் பலனைவிடக் கூட்டின் பலன் குறைவாகவே இருந்தது. ஒன்றை எழுதுவது, உருவாக்குவது போன்ற வேலைகளில் கூட்டு நன்றாக வந்தது. ‘இதா, அதா’ என்று முடிவெடுக்கும் வேலைகளில் சறுக்கியது. எங்கள் பிழைப்பே ‘இதா, அதா’ தான்.

இதையெல்லாம் படித்த பின் நாங்கள் செய்த மாற்றம் மிகச் சிறியது. படம் திறக்கும்போது கட்டம் வரக்கூடாது. மருத்துவர் தானாகப் பார்த்து, ஒரு வரியாவது எழுதிய பிறகு ஒரு விசையைத் தட்டினால்தான் கட்டங்கள் வரும். இரண்டும் ஒத்துப்போனால் மேலே போகலாம். ஒத்துப்போகவில்லையென்றால் அந்தப் படத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். முதல் மாதம் எல்லோரும் முணுமுணுத்தார்கள், என்னையும் சேர்த்துத்தான். ஒரு படத்துக்கு அரை நிமிடம் கூடுகிறது, வரிசையில் படங்கள் குவிகின்றன. இப்படி முதலில் தன் பதிலைச் சொல்லவைக்கும் அமைப்புகள், மெஷினைக் கண்மூடி நம்புவதைக் குறைக்கின்றன என்று 2021-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. பயனுள்ளவை எவையோ, அவற்றைத்தான் ஆட்கள் அதிகம் வெறுத்தார்கள் என்றும் சொன்னது. எங்கள் முணுமுணுப்பு அந்தக் கணக்கில் சேரும்.

மாணவர்கள் விஷயத்தில் நான் இன்னும் கறார். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளி மாணவர்களுக்குக் கணக்குப் பயிற்சியில் சாட்பாட் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்டால் விடையையே கொடுத்துவிடும் சாட்பாட்டோடு படித்த பிள்ளைகள் பயிற்சியில் வெளுத்து வாங்கினார்கள். தேர்வில் அதைப் பிடுங்கியதும், அது கிடைக்கவே கிடைக்காத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த சாட்பாட்டில் இந்தச் சேதம் பெரும்பாலும் இல்லை. என் பி.ஜி. மாணவர்கள் முதல் ஆண்டு முழுக்கக் கட்டம் இல்லாமல்தான் படம் படிக்கிறார்கள். “டாக்டர், வெளியே போனா எல்லா இடத்துலயும் இது இருக்குமே, அப்புறம் எதுக்கு?” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. கட்டம் தப்பு என்று சொல்லத் தெரிந்தவள்தான் கட்டத்தோடு வேலை பார்க்க முடியும் என்றேன். அவள் சமாதானம் ஆனாளா என்று தெரியவில்லை.

நோயாளியாக இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. ‘படத்தை ஏஐ பார்த்ததா?’ என்று கேட்பதைவிட, ‘மருத்துவர் தனியாகவும் பார்த்தாரா?’ என்று கேளுங்கள்.

இதுவரை நாம் கற்பதைப் பற்றிச் சொன்னேன். எதிரில் இருப்பதும் கற்கிறது, அதுவும் நம்மிடமிருந்து. நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிட்ட நோயாளிகளின் எக்ஸ்ரேக்களில் பழக்கிய ஒரு மென்பொருளின் கதை எங்கள் துறையில் பிரசித்தம். பயிற்சிக்குக் கொடுத்த படங்கள் பலவற்றில் காற்றை வெளியேற்றும் குழாய் ஏற்கெனவே செருகப்பட்டிருந்தது. குழாய் இருந்த படங்களில் அது நோயை நன்றாகப் பிடித்தது. குழாய் இல்லாத படங்களில் தடுமாறியது. சிகிச்சை இன்னும் தொடங்காத ஆளுக்குத்தானே கண்டுபிடிப்பு அவசரம்? யாரும் அதற்குப் பொய் சொல்லவில்லை. கொடுத்ததைக் கற்றுக்கொண்டது.

நாங்களும் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ‘ஏற்கிறேன்’, ‘நிராகரிக்கிறேன்’ என்று நாங்கள் அழுத்துவது எல்லாம் அடுத்த பதிப்புக்குப் பாடமாகப் போகிறது என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல், களைத்த விரலால், கட்டத்துக்கு வெளியே பார்க்காமல் அழுத்தியதும் அதில் சேர்த்தி.

அந்த எக்ஸ்ரேயின் ரிப்போர்ட்டை அன்றே திருத்திவிட்டேன். ‘ஏற்கிறேன்’ பதிவைத் திருத்தத்தான் வழியில்லை. நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதியும் பதில் வரவில்லை. இடது பக்கம் காறை எலும்புக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று என் பெயரில் அது இன்னமும் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது.