சாவி கொடுத்ததும் வலிப்பு ஏன் நிற்கிறது?

போன வாரம் ஓர் இளைஞரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். கையில் திணிக்கப்பட்ட சாவிக்கொத்து உள்ளங்கையைக் கிழித்திருந்தது. நாக்கைக் கடித்துக்கொள்ளக் கூடாதென்று யாரோ ஸ்பூனை நுழைத்ததில் முன்பல் இரண்டு உடைந்திருந்தன. வலிப்பால் வந்த காயம் என்று அவர் உடம்பில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் காப்பாற்ற வந்தவர்களால் வந்தவை.

கூட வந்த பெரியவர் என்னிடம் உறுதியாகச் சொன்னார்: "டாக்டர், நான் என் கண்ணால பார்த்தேன். சாவியைக் கொடுத்தேன், நின்னுடுச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நின்றிருக்கும். அதனால்தான் இந்த நம்பிக்கையை அசைக்க முடியவில்லை. எத்தனை முறை சொன்னாலும் சரி, மறுபடி சொல்கிறேன்.

நம் நியூரான்கள் (நரம்பு செல்கள்) பேசுவது மின்துடிப்புகளால். ஒரு துடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். 1926ல் எட்கர் ஏட்ரியன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி தவளையின் தசையில் எடையைத் தொங்கவிட்டு, அதன் நரம்பிழையில் ஓடிய துடிப்புகளைப் பதிவு செய்தார். எடை கூடியபோது துடிப்பின் அளவு கூடவில்லை. ஒரு விநாடிக்கு வரும் எண்ணிக்கைதான் கூடியது. 1932ல் நோபல் பரிசு பெற்றார். ஆக, செய்தி இருப்பது எந்த நியூரான், எப்போது, எத்தனை முறை துடித்தது என்பதில். நீங்கள் டம்ளரை எடுக்கும்போது விரலை மடக்கும் நியூரான்கள் ஒரு நேரத்திலும், நிறுத்தும் நியூரான்கள் வேறு நேரத்திலும் வேலை செய்தால்தான் டம்ளர் வாய்க்கு வந்து சேரும்.

வலிப்பில் இந்த வேறுபாடு அழிந்துபோகிறது. லட்சக்கணக்கான நியூரான்கள் ஒரே சமயத்தில், ஒரே தாளத்தில் துடிக்கின்றன. முதலில் இடைவெளியே இல்லாமல் துடிப்பதால் உடம்பு விறைக்கிறது. பிறகு மூளையின் அடக்கும் சக்தி மெல்ல மேலோங்க, துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. கைகால் வெட்டி வெட்டி இழுக்கிறது. இடைவெளி நீள நீள வெட்டு குறைந்து, தானாக அடங்கிவிடும். பெரும்பாலானவர்களுக்கு மொத்தமே ஒன்றிலிருந்து மூன்று நிமிடம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவர் விழுகிறார், கூட்டம் கூடுகிறது, "சாவி இருக்கா, சாவி இருக்கா" என்று தேடுகிறார்கள், மூடிய விரல்களைப் பிரித்துத் திணிக்கிறார்கள். அதற்குள் இரண்டு நிமிடம் போயிருக்கும். வெட்டு குறையத் தொடங்கும் நேரத்தில்தான் சாவி கைக்கு வருகிறது. மரக்கட்டையைக் கொடுத்திருந்தாலும் நின்றிருக்கும். எதையும் கொடுக்காமல் இருந்தாலும் நின்றிருக்கும். இரும்பு மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும் என்று படித்தவர்களே வாதாடுகிறார்கள். ஐயா, மண்டையோட்டுக்குள் நடப்பதை உள்ளங்கையில் இருக்கும் இரும்பு எப்படி இழுக்கும்?

அந்த இரண்டு நிமிடத்தில் செய்ய வேண்டியது வேறு. பக்கத்தில் கல், கம்பி, வண்டி இருந்தால் அப்புறப்படுத்துங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். சட்டைக் காலரைத் தளர்த்துங்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். முக்கியமாகக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தால், உடனே 108. ஒருவர் போனில் வீடியோ எடுத்து வைத்தால் எனக்குப் பேருதவி. ஸ்கேனும், மூளையின் மின்துடிப்புகளைப் பதிவு செய்யும் ஈஈஜியும் நார்மலாக இருந்தாலும் வலிப்பு நோய் இருக்கலாம். நேரில் பார்த்தவர் சொல்வதை வைத்துத்தான் பாதி நோயைக் கண்டுபிடிக்கிறோம்.

விழாத வலிப்பும் உண்டு. வகுப்பில் பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து எழுதும் குழந்தையின் ஈஈஜியில், விநாடிக்கு 3 என்ற கணக்கில் கூர்முனை அலைகள் ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல வரும். ஒருநாளைக்குப் பல தடவை வரும். "கவனம் இல்லை" என்று அந்தக் குழந்தையை அடிக்கிறார்கள். காதுக்கு மேலே, பக்கவாட்டில் உள்ள பொட்டு மூளைப் பகுதியில் வலிப்பு தொடங்கினால் வாயை மென்றுகொண்டு, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று ஊர் ஊராகக் கூட்டிப்போய், மூன்று வருடம் கழித்து என்னிடம் கொண்டுவந்தார்கள் ஒரு பெண்ணை. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வரவே இல்லை.

மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதமாக வரவில்லை என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பாகவே திரும்பி வரக்கூடும்; ஐசியூவில் அப்படி நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். கல்யாணத்துக்காக மறைத்து, மாமியார் வீட்டில் தெரியக் கூடாதென்று மாத்திரையை விட்டுவிடும் பெண்கள்தான் அதில் அதிகம். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் தடையாகச் சொன்ன வார்த்தையை 1999லேயே நீக்கிவிட்டார்கள். அம்மா, அப்பா, தயவுசெய்து மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் பெண் மாத்திரையை ஒளிக்காமல் சாப்பிடட்டும்.