மின்னுவதெல்லாம் மட்காது

காகிதத் தாள் ஒன்று, அலுமினியத் தகடு ஒன்று. தனித்தனியாகக் கிடந்தால் இரண்டுமே மறுசுழற்சிக்குப் போகும். ஒன்றன்மேல் ஒன்றை ஒட்டிவிட்டால் இரண்டுமே குப்பை. கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்களில் பலவும் இப்படி ஒட்டியவைதான்: காகிதத்தின்மேல் பிளாஸ்டிக் படலம், படலத்தின்மேல் உலோகப் பூச்சு, அதற்குமேல் பசை, பசையின்மேல் ஜிகினாத் தூள். எதனால் செய்தது என்று பார்ப்பதோடு, சேர்த்தவை மறுபடி பிரியுமா என்றும் பார்த்து வாங்கினாலே பண்டிகைக் குப்பையில் நல்ல பங்கு குறைந்துவிடும்.

பரிசு சுற்றும் தாளிலிருந்து தொடங்கலாம். பழைய தாள் ஆலைக்குப் போனதும் பெரிய தொட்டியில் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கூழாக்குவார்கள். காகிதம் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். நாரை நார் பிடித்திருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மெல்லிய ஈர்ப்பால். தண்ணீர் உள்ளே புகுந்ததும் அந்தப் பிடி தளர்ந்து நார்கள் பிரியும். வடித்து உலர்த்தினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் நார் கொஞ்சம் குட்டையாகும். ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு சுற்றுக்குப் பிறகு தாளாகத் தேறாது. பளபளப்பான பரிசுத் தாளிலோ தண்ணீர் புகவே வழியில்லை. பிளாஸ்டிக் படலம் தடுத்துவிடும். அதன்மேலுள்ள அலுமினியப் பூச்சு நூறு நானோமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. அவ்வளவு சொற்பமான உலோகத்தைச் சுரண்டி எடுப்பதில் யாருக்கும் லாபமில்லை.

கையிலுள்ள தாள் எந்த வகை என்று அறிய அதைக் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே கிடந்தால் காகிதம். மெல்ல விரிந்து எழுந்தால் பிளாஸ்டிக். இந்தச் சோதனை சில சமயம் ஏமாற்றும். தடித்த தாளின்மேல் மெல்லிய படலம் ஒட்டியிருந்தால் கசங்கியே கிடக்கும். அப்போது ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள்: வெறும் காகிதமானால் கிழிந்த விளிம்பில் பஞ்சுபோல் நார் தெரியும், படலம் இருந்தால் விளிம்பில் கண்ணாடிபோல் ஒரு தோல் நீண்டு கிழியும். அப்படியும் சந்தேகமா? ஒரு துண்டை மூடியுள்ள போத்தலில் தண்ணீரோடு இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். கூழாகிவிட்டால் ஆலையிலும் ஆகும்.

தாளைக் குறைக்க வடிவக் கணிதமும் உதவும். பெட்டியைத் தாளுக்கு நேராக வைக்காமல் 45 பாகை திருப்பி வைத்து, தாளின் நான்கு மூலைகளையும் நடுவில் கொண்டுவந்து மடியுங்கள். சதுரத் தாளின் பக்க அளவு: பெட்டியின் மேல்முக மூலைவிட்டம், அதோடு உயரத்தின் ஒன்றரை மடங்கு. 20 சென்டிமீட்டர் சதுரமும் 8 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பெட்டிக்கு 28.3 கூட்டல் 12, அதாவது 40.3 சென்டிமீட்டர். வழக்கமான முறையில் இதே பெட்டிக்கு 59-க்கு 32 தேவைப்படும். பரப்பில் ஏழில் ஒரு பங்கு மிச்சம். அதைவிடப் பெரிய லாபம், மூலைகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடுவதால் ஒட்ட ஒரே துண்டு போதும். நீளமும் அகலமும் மிகவும் வேறுபடும் பெட்டிக்கு இது சரிவராது. நான்கு மூலைகளும் ஒரே இடத்தில் வந்து சேராது.

துணியில் கட்டினால் தாளே வேண்டாம். ஜப்பானில் இதற்கு ஃபுரோஷிகி என்று பெயர். 2006-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கொய்கே, பைகளுக்கு மாற்றாக இதை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவர முயன்றார். துணியின் மூலைவிட்டம் பொருளின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு இருந்தால் முடிச்சுப் போட இடம் கிடைக்கும். வழுக்கும் பாலியஸ்டர் துணியில் முடிச்சு நிற்காது. பருத்தியே மேல்.

ஒட்டுவதற்கு செல்லோ டேப் எதற்கு? பெரும்பாலான டேப்புகள் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதன் பசை ஆலைத் தொட்டியில் கரையாமல் திரண்டு, தாள் ஓடும் உருளைகளில் ஒட்டித் தொல்லை தரும். மைதாப் பசை அப்படியல்ல. ஒரு பங்கு மாவை முதலில் ஒரு பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து, கொதிக்கும் நான்கு பங்கு தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். மாவிலுள்ள ஸ்டார்ச் மணிகள் சுமார் 60 பாகை செல்சியஸுக்கு மேல் நீர் உறிஞ்சி உப்பி வெடித்து, கலவை கண்ணாடிபோல் தெளியும். நேரடியாக வெந்நீரில் மாவைக் கொட்டினால் கட்டியின் வெளிப்புறம் மட்டும் வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே மாவு அப்படியே இருக்கும். ஸ்டார்ச்சும் செல்லுலோஸைப் போலவே சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த தொடர்தான். அதனால் காகிதத்தை நன்றாகப் பிடிக்கும், தண்ணீர் பட்டதும் விட்டுவிடும். இரண்டு நாளுக்குமேல் வைத்தால் புளித்து நாறும். வேண்டிய அளவு மட்டும் காய்ச்சுங்கள்.

ஜிகினாத் தூளுக்கு வருவோம். பிளாஸ்டிக் படலத்தில் அலுமினியம் பூசி, வண்ணம் ஏற்றி, பொடிப்பொடியாக வெட்டினால் அதுதான் ஜிகினாத் தூள். உருப்பெருக்கியில் பார்த்தால் துணுக்குகள் பெரும்பாலும் அறுகோணம். அறுகோணங்களை இடைவெளியின்றி அடுக்கி வெட்டலாம் என்பதால் ஆலையில் துளிப் படலமும் வீணாவதில்லை. வீணாவதெல்லாம் அதற்குப் பிறகுதான்! 5 மில்லிமீட்டருக்குள் உள்ள பிளாஸ்டிக் எல்லாம் நுண்பிளாஸ்டிக் கணக்கில் வரும். கையில், தரையில், சாக்கடையில் பரவிவிட்டால் திரும்ப அள்ள முடியாது. 2023 அக்டோபர் 17 முதல் ஐரோப்பிய ஒன்றியம் உதிரிப் பிளாஸ்டிக் ஜிகினாவின் விற்பனையைத் தடுத்தது இதனால்தான்.

மினுக்கத்துக்குப் பிளாஸ்டிக் தேவையே இல்லை. தட்டையான சிறு முகங்கள் பல, வெவ்வேறு கோணங்களில் திரும்பியிருந்தால் போதும். தலை அசையும்போது ஒவ்வொரு முகமாக ஒளியைக் கண்ணுக்கு அனுப்பும். படிகங்கள் தாமாகவே இப்படி வளர்பவை. படிகாரத்தில் இதை வீட்டிலேயே செய்யலாம்.

படிகாரம் 100 மில்லி தண்ணீரில் 50 பாகையில் சுமார் 37 கிராம் கரையும். 20 பாகையில் 14 கிராம்தான். அந்த வித்தியாசம்தான் நம் படிகம். மூன்று குச்சிகளைக் குறுக்காக வைத்துப் பருத்தி நூலால் சுற்றி நட்சத்திரம் கட்டுங்கள். 75 கிராம் படிகாரத்தைப் பொடித்து, 250 மில்லி வெந்நீரில் ஒரு துகளும் மிஞ்சாமல் கரையுங்கள். கண்ணாடிப் பாத்திரமே வேண்டும். கரைசல் அமிலத் தன்மையுள்ளது, அலுமினியப் பாத்திரத்தை அரிக்கும். நட்சத்திரத்தை உள்ளே தொங்கவிடுங்கள், அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. மேலே துணி போட்டு அசையாத இடத்தில் 12 மணி நேரம் விட்டால், நூலைச் சுற்றி எட்டு முகப் படிகங்கள் கோத்துக்கொண்டு நிற்கும்.

பொடிப்பொடியாக வந்தால் வேகமாக ஆறியிருக்கிறது என்று பொருள். ஒரே நேரத்தில் ஆயிரம் இடங்களில் படிகம் தொடங்கிவிட்டது. அடுத்த முறை பாத்திரத்தைத் துண்டால் சுற்றி வையுங்கள். நட்சத்திரத்தில் ஒன்றுமில்லாமல் அடியில் மட்டும் படிந்திருந்தால் கரையாத துகள் அடியில் இருந்திருக்கிறது. வடிகட்டிவிட்டு மறுபடி சூடாக்குங்கள். நைலான் நூல் வழவழப்பானது, படிகம் பற்றாது. பண்டிகை முடிந்ததும் நட்சத்திரத்தை வெந்நீரில் போட்டால் படிகாரம் கரைந்து மறுபடி கரைசலாகும். நூலும் குச்சியும் தனியாக வரும். இதைவிடச் சுத்தமாகப் பிரியும் அலங்காரம் அரிது.

மரம் பற்றிய வாக்குவாதம் ஆண்டுதோறும் வரும்: வெட்டிய மரமா, செயற்கை மரமா? பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு 2 மீட்டர் மரத்துக்குச் சொல்லும் கணக்கில், செயற்கை மரம் சுமார் 40 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுவதற்குச் சமம். வெட்டிய மரம் குப்பை மேட்டில் புதைந்தால் 16 கிலோ. சீவலாக்கினாலோ எரித்தாலோ 3.5 கிலோ. ஒரே மரத்துக்கு ஏன் இரண்டு எண்? புதைந்த இடத்தில் ஆக்சிஜன் இல்லை. அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளிவிடும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆகவே வகுத்துப் பாருங்கள். உங்கள் வெட்டுமரம் குப்பை மேட்டுக்குப் போவதானால் செயற்கை மரம் மூன்றாம் ஆண்டிலேயே முந்திவிடும். சீவலாகப் போவதானால் அது 12 ஆண்டு உழைக்க வேண்டும். செயற்கை மரம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தயங்காமல் அதையே வைத்துக்கொள்ளுங்கள். எஃகுக் கம்பியில் முறுக்கிய பி.வி.சி. பிளாஸ்டிக் இழையைப் பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வது நடைமுறையில் இல்லை. எதுவும் இல்லாதவர்களுக்கு, காய்ந்து விழுந்த கிளை ஒன்றைத் தொட்டியில் மணல் போட்டு நட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை.

வெட்டிய மரம் வாங்கினால் அடியிலிருந்து 2 சென்டிமீட்டர் நேராக அறுத்து, சில மணி நேரத்துக்குள் தண்ணீரில் நிறுத்துங்கள். தாமதித்தால் வெட்டுவாய் அடைபட்டுவிடும். தாங்கியில் நுழையவில்லை என்று பட்டையைச் செதுக்குவது பெரிய தவறு, நீர் ஏறுவது பட்டைக்கு அடுத்த வெளி அடுக்கில்தான். 10 சென்டிமீட்டர் தண்டு நாளொன்றுக்கு 4 லிட்டர் வரை குடிக்கும். காய்ந்த மரம் சட்டென்று தீப்பிடிக்கும்.

பிறகு மரத்தை 2 முதல் 5 சென்டிமீட்டர் துண்டுகளாக்கி உரக்குழிக்கு அனுப்பலாம். மரத்தில் கார்பன் மிகுதி, நைட்ரஜன் சொற்பம். சமையலறைக் கழிவு அதற்கு நேர்மாறு. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். கன அளவில் இரண்டு கூடை சீவலுக்கு ஒரு கூடை காய்கறிக் கழிவு என்று தொடங்கிப் பாருங்கள். பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம் போதும். நாறினால் ஈரம் அதிகம், கிழித்த அட்டை சேருங்கள். சூடே ஏறவில்லையென்றால் கழிவு குறைவு, அல்லது குவியல் சிறியது. ஒரு கன மீட்டருக்குக் கீழே வெப்பம் தங்காது. சீவலில் ஒரு ஜிகினாச் சரம் சிக்கினாலும் உரம் முழுக்கப் பளபளக்கும், அதை அப்புறம் பொறுக்கித் தீராது.

விளக்குகளில் மின்சாரக் கணக்கு எளிது. பழைய இழை பல்பு 100 கொண்ட சரம் ஏறத்தாழ 40 வாட், எல்.இ.டி. 5 வாட். நாளுக்கு 6 மணி நேரம், 30 நாள் எரித்தால் 7.2 யூனிட்டுக்கு எதிரே 0.9 யூனிட். சுவாரசியம் பல்பு போகும் விதத்தில் இருக்கிறது. ‘சீரியல் லைட்’ என்ற பெயரே தொடர் இணைப்பிலிருந்து வந்தது. 240 வோல்ட்டை 40 பல்புகள் பகிர்ந்தால் தலா 6 வோல்ட். இழை அறுந்தால் சரம் முழுக்க அணைய வேண்டும். ஆனால் பல பல்புகளில் இழைக்குக் கீழே ஆக்சைடு பூசிய மெல்லிய கம்பி ஒன்று சுற்றியிருக்கும். அறுந்த பல்பின் இரு முனைக்கும் நடுவே முழு 240 வோல்ட்டும் வந்து நிற்பதால் அந்தப் பூச்சு உடைந்து, மின்சாரம் கம்பி வழியே போய்விடும். மற்றவை எரியும், கொஞ்சம் பிரகாசமாகவே. அங்கேதான் ஆபத்து. ஐந்து பல்பு போனால் மிச்சம் 35-க்கும் தலா 6.86 வோல்ட். இழையின் ஆயுள் மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 12-ஆம் அடுக்கில் குறையும் என்பதால், ஆயுள் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒன்று போனதுமே பிளக்கைக் கழற்றிவிட்டு அதை மாற்றினால் சரம் பிழைக்கும்.

எல்.இ.டி. சரம் பெரும்பாலும் ஈரத்தால் சாகிறது. அதன் கால்கள் பல நேரம் எஃகு, துரு பிடித்து முறியும். நன்றாக உலர்த்தி, அட்டைத் துண்டில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். இறுக்கி முடிந்தால் உள்ளே செம்புக் கம்பி அறும். தேறாத சரம் மின்கழிவுக்கே போகட்டும். செம்பை எடுக்கக் கம்பியைக் கொளுத்தினால் பி.வி.சி. உறையிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின்களும் ஆகிய நச்சுகள் கிளம்பும்.

வாழ்த்து அட்டைகளில் பாட்டுப் பாடுபவை தனி ரகம். பழைய தாளோடு போடுமுன் அட்டையைப் பிளந்து, உள்ளேயுள்ள பொத்தான் பேட்டரியை எடுத்துவிடுங்கள். இரண்டு முகத்தையும் மூடி ஒரு துண்டு டேப் ஒட்டி—டேப் உண்மையில் தேவைப்படும் இடம் இதுதான்—பேட்டரி சேகரிக்கும் பெட்டியில் போடும்வரை குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொத்துவிடக்கூடியது அது.