ஓட்டையைத் தைக்க அவசரம் இல்லை

உதரவிதானத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தையை அரை நூற்றாண்டுக்கு முன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், நள்ளிரவானாலும் அறுவை மருத்துவரை எழுப்பி வரவழைத்து, சில மணி நேரத்துக்குள் அறுவை அரங்குக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இன்று அதே குறையோடு பிறக்கும் குழந்தையை, குடல் மார்புக்குள் இருக்கும் நிலையிலேயே, இரண்டு மூன்று நாள் தொடங்கிச் சில வேளைகளில் ஒரு வாரத்துக்கும் மேலாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்து, அதன் பிறகே அறுவை செய்கிறார்கள். கருவிகளும் மயக்க மருந்துகளும் இவ்வளவு முன்னேறிய காலத்தில் ஏன் இந்தத் தாமதம் என்று பெற்றோர் பதறுவது இயல்பே. ஆனால் இந்தக் குழந்தையின் உயிர் ஊசலாடுவது ஓட்டையால் அல்ல. கருவிலேயே வளராமல் போன நுரையீரலாலும், தளர மறுக்கும் அதன் இரத்தக் குழாய்களாலுமே. அதைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைச் சுவரே உதரவிதானம். கருவின் நான்காவது வாரம் முதல் பல மடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து இச்சுவர் உருவாகிறது. முதுகுப் பக்கமாக இருபுறமும் உள்ள வாயில்கள் ஏறத்தாழ எட்டாவது வாரத்தில் கடைசியாக மூடுகின்றன. அவற்றிலும் இடப்புற வாயில் சற்றுப் பிந்தியே மூடும். இதே காலத்தில் வயிற்றுக்குள் இடம் போதாததால் தொப்புள்கொடியின் அடிப்பகுதிக்குள் நீண்டு வளர்ந்துகொண்டிருக்கும் குடல், பத்தாவது வார வாக்கில் வயிற்றுக்குத் திரும்புகிறது. அப்போது வாயில் மூடாமல் இருந்தால், குடல் அதன் வழியே மார்புக்குள் ஏறிவிடும். அதோடு இரைப்பையும் மண்ணீரலும், சில குழந்தைகளில் கல்லீரலின் ஒரு பகுதியும் மேலே போய்விடும். இதயம் வலப்பக்கமாகத் தள்ளப்படும். 1848இல் பிராகு நகர உடற்கூற்றியலாளர் போக்டலெக் விவரித்ததால், முதுகுப்புறத்தில் நேரும் இவ்வகைக்கு அவர் பெயரே வழங்குகிறது. ஏறத்தாழ மூவாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படும் பிறவி உதரவிதானக் குடலிறக்கத்தில், நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை இடப்பக்கத்திலேயே நேர்கின்றன.

நுரையீரலின் மூச்சுக்கிளைகள் பிரிந்து பிரிந்து பெருகுவதும் இதே வாரங்களில்தான். கிளைகளின் எண்ணிக்கை கருவின் பதினேழாவது வாரத்துக்குள் பெரும்பாலும் முடிவாகிவிடும். அதற்குப் பிறகு புதிய கிளைகள் தோன்றுவதில்லை. கிளைகளின் நுனியில் உள்ள காற்று நுண்ணறைகள் மட்டும் பிறந்த பின்னும் சில ஆண்டுகளுக்குப் பெருகிக்கொண்டிருக்கும். மார்புக்குள் குடல் இடம்பிடித்துக்கொள்வதால் அந்தப் பக்க நுரையீரல் மிகச் சிறிதாகவும், தள்ளப்பட்ட இதயம் நெருக்குவதால் மறுபக்க நுரையீரலும் ஓரளவு சிறிதாகவும் நின்றுபோகின்றன. குடல் நெருக்குவது மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. நைட்ரோஃபென் என்ற களைக்கொல்லியைச் சினை எலிகளுக்குக் கொடுத்து இக்குறையை உண்டாக்கிச் செய்த ஆய்வுகளில், உதரவிதானம் மூடத் தவறுவதற்கு முன்பே நுரையீரலின் வளர்ச்சி குன்றத் தொடங்கியிருந்தது. முதலில் இரு நுரையீரல்களுக்கும் பொதுவாக ஒரு பாதிப்பு, பிறகு குடல் ஏறிய பக்கத்தில் நெருக்கத்தால் இன்னொன்று என்று இரண்டு அடிகளாக இது நிகழ்கிறது என்ற கருத்து 2000ஆம் ஆண்டு முன்வைக்கப்பட்டது. எது முதல் காரணமாயினும், கிளைகள் குறையும்போது அவற்றோடு சேர்ந்து வளர வேண்டிய இரத்தக் குழாய்களும் குறைகின்றன. இருக்கும் குழாய்களின் சுவரிலோ தசை அளவுக்கு மீறித் தடித்துவிடுகிறது.

கருப்பையில் இருக்கும்வரை இதனால் குழந்தைக்குத் தொல்லை இல்லை. ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியே வருவதால், நுரையீரலுக்குப் போக வேண்டிய இரத்தத்தின் பெரும்பகுதி இதயத்துக்குள் உள்ள ஒரு துளை வழியாகவும், நுரையீரல் தமனியைப் பெருந்தமனியோடு இணைக்கும் நாளத்தின் வழியாகவும் குறுக்கே கடந்துவிடுகிறது. பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரலின் குழாய்கள் தளர்ந்து, அங்கே அழுத்தம் சரிந்து, இரத்தம் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கு வழிகள் மெல்ல அடைபட வேண்டும். தசை தடித்த குழாய்கள் தளர்வதில்லை. நுரையீரலில் அழுத்தம் உயர்ந்தே நிற்பதால், ஆக்சிஜன் ஏறாத இரத்தம் பழைய குறுக்கு வழியிலேயே பெருந்தமனிக்குள் பாய்ந்து உடலெங்கும் போகிறது.

இதைக் கட்டிலருகில் நின்று கண்ணால் பார்க்கலாம். இக்குழந்தைகளுக்கு ஆக்சிஜன் அளவு காட்டும் சிறு விளக்குப் பட்டையை ஓரிடத்தில் மட்டும் ஒட்டுவதில்லை. வலது கையில் ஒன்றும் காலில் ஒன்றுமாக இரண்டு ஒட்டுவார்கள். வலது கைக்குப் போகும் தமனி, குறுக்கு நாளம் வந்து சேரும் இடத்துக்கு முன்பே பெருந்தமனியிலிருந்து பிரிந்துவிடுகிறது. காலுக்குப் போகும் இரத்தமோ அந்தக் கலப்பைத் தாண்டித்தான் போயாக வேண்டும். திரையில் கை 92 என்றும் கால் 76 என்றும் காட்டினால், அழுக்கு இரத்தம் எந்த அளவுக்குக் குறுக்கே பாய்கிறது என்பதை அந்த இடைவெளியே சொல்லிவிடும். குழந்தையை ஊசியால் குத்தினாலும், உறிஞ்சு குழாயால் சளியை எடுத்தாலும், பக்கத்தில் பெரிய ஓசை கேட்டாலும் நுரையீரல் குழாய்கள் சட்டென்று இறுகி இந்த இடைவெளி விரியும். அனுபவமுள்ள செவிலியர் இக்குழந்தையைத் தேவையின்றித் தொடவும் விடமாட்டார்கள்.

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தைக்கு இக்குறையைச் சரிசெய்து பிழைக்கவைத்ததாக பாஸ்டன் நகரக் குழந்தை அறுவை மருத்துவர் ராபர்ட் கிராஸ் 1946இல் எழுதினார். அந்தச் சாதனையிலிருந்தே, குடலைக் கீழே இறக்கினால் நுரையீரல் விரிந்துவிடும், எனவே எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் வேரூன்றியது. தர்க்கம் சரியாகவே தோன்றியது. ஆனால் அறுவைக்குப் பின் சில மணி நேரம் தெளிவாக இருந்த குழந்தைகள் பலரும் அன்றிரவோ மறுநாளோ நிலைகுலைந்து இறந்தார்கள். தெளிந்திருந்த அந்தச் சில மணி நேரத்தை மருத்துவர்கள் ‘ஹனிமூன்’ என்று குறிப்பிட்டது சற்றுக் கசப்பான வேடிக்கைதான். டொரொன்டோ குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் அறுவைக்கு முன்னும் பின்னும் குழந்தைகளின் மூச்சு மண்டலம் எவ்வளவு எளிதாக விரிகிறது என்று அளந்து, 1987இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான குழந்தைகளில் அறுவைக்குப் பின் அது மேம்படுவதற்குப் பதிலாக மோசமடைந்திருந்தது. சிறு வயிற்றுக்குள் உறுப்புகளைத் திணிக்கும்போது வயிற்றழுத்தம் கூடுகிறது. இழுத்துத் தைத்த உதரவிதானமும் மார்புக்கூட்டின் வடிவை மாற்றிவிடுகிறது. நுரையீரலின் கிளைகளோ தையலால் பெருகப் போவதில்லை.

அறுவை மட்டும் கெடுதல் செய்யவில்லை. அக்காலத்து மூச்சுக் கருவியும் செய்தது. இரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைத்தால் நுரையீரல் குழாய்கள் தளரும் என்பது உண்மையாதலால், வேகமாகவும் அதிக அழுத்தத்தோடும் காற்றைச் செலுத்தி அந்த அளவைக் கீழே கொண்டுவந்தார்கள். திரையில் எண்கள் அழகாக இருந்தன. உள்ளே, குழந்தைக்கு மிஞ்சியிருந்த ஒரே நல்ல நுரையீரல் கிழிந்து காற்று கசிந்துகொண்டிருந்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜென்-டியென் வுங் இதற்கு நேரெதிரான வழியைப் பிடித்தார். நுரையீரல் அழுத்தம் தணியாமல் தவித்த, இக்குறை இல்லாத வேறு 15 குழந்தைகளைக் கரியமில வாயு சற்று உயர்ந்தாலும் பரவாயில்லை என்று விட்டு, மென்மையாகவே காற்றளித்து, அனைவரையும் பிழைக்கவைத்ததாக அவரும் குழுவினரும் 1985இல் எழுதினார்கள். பின்னர் அதே முறை உதரவிதானக் குறையுள்ள குழந்தைகளுக்கும் வந்தது. இத்துறையில் உயிர் காத்தவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால், எந்தப் புதுக் கருவிக்கும் முன்பாக இந்தக் கைக்கட்டுப்பாட்டையே முதலில் வைப்பேன்.

இன்று பின்பற்றப்படும் வழி பிறந்த நிமிடத்திலேயே தொடங்குகிறது. மூச்சுத் திணறும் மற்றக் குழந்தைகளுக்குச் செய்வதுபோல முகமூடியும் பையும் வைத்து அழுத்தக் கூடாது. அப்படிச் செய்தால் காற்று இரைப்பைக்கும் குடலுக்கும் போய், மார்புக்குள் இருக்கும் குடல் ஊதிப் பெருத்து நுரையீரலை இன்னும் நசுக்கும். நேராக மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகி, மூக்கு வழியாக இரைப்பைக்குத் தடித்த குழாய் ஒன்றை இட்டுக் காற்றை இடைவிடாமல் வெளியேற்ற வேண்டும். கருவி செலுத்தும் உச்ச அழுத்தம் 25 சென்டிமீட்டர் நீரளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கரியமில வாயு இயல்பில் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். இங்கே 50 முதல் 70 வரை பொறுத்துக்கொள்கிறார்கள். ஆக்சிஜனையும் நூற்றுக்கு நூறு எட்டவைக்க முயல்வதில்லை. வலது கையில் 80க்கு மேல் 95க்குள் நின்றாலே போதும்.

இதிலும் அடங்காத குழந்தைகளுக்கு, நுரையீரல் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுவாசக் காற்றோடு கலந்து கொடுக்கிறார்கள். மற்றக் குழந்தைகளிடம் நன்றாக வேலை செய்யும் இவ்வாயு, உதரவிதானக் குறையுள்ளவர்களிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வில் இறப்பைக் குறைக்கவில்லை என்று 1997இலேயே தெரிந்தது. இருந்தும் பழக்கத்தாலும், வேறு கதியில்லாததாலும் இன்றும் கொடுக்கப்படுகிறது. கடைசித் துணை எக்மோ: கழுத்துக் குழாய்களிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்து, உடலுக்கு வெளியே ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி. ராபர்ட் பார்ட்லெட் 1975இல் கலிபோர்னியாவில் ஒரு பச்சிளம் குழந்தையை முதன்முதலாக இதன் துணையோடு பிழைக்கவைத்தார். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தாக வேண்டியதால் மூளையில் கசிவு ஏற்படும் அபாயம் உண்டு. நுரையீரல் குழாய்கள் தளரும்வரை காலத்தை வாங்கித் தருவதே இதன் பணி.

இவ்வளவும் கடந்து, நுரையீரல் அழுத்தம் இறங்கி, சிறுநீர் நன்றாகப் பிரிந்து, ஆக்சிஜன் தேவை குறைந்த பிறகு வரும் அறுவையை, ஒப்பிட்டுப் பார்த்தால், எளிது என்றே சொல்ல வேண்டும். இடது விலாவுக்குக் கீழே கீறித் திறந்து, மார்புக்குள் இருக்கும் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்குகிறார்கள். எளிதில் கிழிந்து இரத்தம் கொட்டும் மண்ணீரலை இறக்கும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. ஓட்டை சிறிதானால் விளிம்புகளை நேராகச் சேர்த்துக் கரையாத நூலால் தைத்துவிடலாம். பின்விளிம்பே இல்லாத பெரிய ஓட்டையானால், கோர்-டெக்ஸ் போன்ற செயற்கைத் துணியை விலா எலும்போடு சேர்த்துத் தைத்து ஒட்டுப்போட வேண்டும். துணியை இறுக்கி இழுக்காமல் கூரைபோல் குவிந்து நிற்கும்படி வைப்பதில் கைத்திறன் இருக்கிறது.

நோய் நுரையீரலில்தான் என்றால், கருவிலேயே நுரையீரலை வளர்த்துவிட முடியாதா? சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் கருப்பையைத் திறந்து குழந்தையின் ஓட்டையையே அடைத்துப் பார்த்தார், பெரும்பயன் கிட்டவில்லை. இயற்கையிலேயே குரல்வளை அடைபட்டுப் பிறக்கும் அரிய குழந்தைகளுக்கு நுரையீரல் இயல்பைவிடப் பெரிதாக இருப்பதே அடுத்த வழியைக் காட்டியது. கருவின் நுரையீரல் ஓயாமல் ஒரு நீரைச் சுரந்துகொண்டிருக்கும். மதகை அடைத்தால் வாய்க்காலில் நீர் உயர்வதுபோல, மூச்சுக்குழாயை அடைத்தால் அந்த நீர் உள்ளே தேங்கி நுரையீரலை விரித்து வளரத் தூண்டுகிறது. தாயின் வயிற்றில் சிறு துளையிட்டு நுழையும் மெல்லிய உள்நோக்கியால் கருவின் வாய் வழியே சென்று, மூச்சுக்குழாயில் சிறு பலூன் ஒன்றை ஊதி வைத்து, 34ஆவது வாரத்தில் எடுத்துவிடும் முறையை, பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர் யான் டெப்ரெஸ்ட் தலைமையில் பல நாடுகளில் சோதித்தார்கள். 2021இல் வந்த முடிவில், நுரையீரல் மிகச் சிறுத்த குழந்தைகளில் பலூன் வைத்தவர்களில் நூற்றுக்கு 40 பேரும், வைக்காதவர்களில் 15 பேரும் பிழைத்து வீடு திரும்பினார்கள். நடுத்தரப் பாதிப்பில் 63க்கு 50 என்ற வேறுபாடு, தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவிலேயே இருந்தது. கடும் பாதிப்புள்ளவர்களில் பலூன் வைத்த தாய்மார்களில் நூற்றுக்கு 75 பேருக்குக் குறைமாதப் பிரசவம் நேர்ந்தது. மற்றவர்களில் 29 பேருக்கே. பலூன் உள்ளிருக்கும்போது திடீரென வலி வந்துவிட்டால், அதை உடனே எடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் குழந்தை முதல் மூச்சே விட முடியாது. அதனால் இதைச் செய்யும் மையங்கள் தாயை அருகிலேயே தங்கியிருக்கச் சொல்கின்றன.

இந்நோயின் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. வெளியூரில் பிறந்து, பல மணி நேரப் பயணத்தைத் தாண்டி உயிரோடு வந்து சேரும் குழந்தைகள் ஏற்கெனவே வலுவானவர்கள். பலவீனமானவர்கள் வழியிலேயே இறந்துபோய்க் கணக்கிலேயே வருவதில்லை. எனவே வெளியில் பிறந்தவர்களை மட்டும் பெறும் மருத்துவமனையின் வெற்றி விகிதம் உண்மைக்கு மேலாகவே தோன்றும். கருவுற்ற 18 முதல் 20 வாரங்களில் எடுக்கும் ஸ்கேனில் இதயத்துக்குப் பக்கத்தில் இரைப்பையும் தெரிந்தால் ஐயம் எழும். அப்போதே மறுபக்க நுரையீரலைக் குழந்தையின் தலையளவோடு ஒப்பிட்டு அளந்து, கல்லீரல் மேலேறியிருக்கிறதா என்றும் பார்த்து, பாதிப்பின் கடுமையை ஓரளவு கணிக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தை அறுவைத் துறையும் ஒரே வளாகத்தில் உள்ள மருத்துவமனையில் பிரசவத்தைத் திட்டமிட அது வழிவிடுகிறது.

வீடு திரும்பிய பின்னும் கண்காணிப்பு நீள்கிறது. இரைப்பை அமிலம் மேலேறுவதால் பால் குடிப்பதும் எடை கூடுவதும் சிரமமாகும். பிறந்தபோது நன்றாகக் கேட்ட காதுகூடச் சில குழந்தைகளுக்குப் பிறகு மங்குவதால், செவித்திறனை ஒரு முறை சோதித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. ஒட்டுப்போட்ட துணி குழந்தையோடு சேர்ந்து வளர்வதில்லை என்பதால், மார்பு விரியும்போது அதன் விளிம்பு விட்டுப்போய்க் குடல் மறுபடி மேலேறலாம். பல வேளைகளில் எந்த அறிகுறியும் இன்றியே. ஓடியாடும் வயதுக்கு வந்த பிறகும் குறிப்பிட்ட இடைவெளிகளில் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இதனால்தான்.